ராவிலே என்றால் காலையா, இரவா? எல்லை தாண்டி வைத்தியம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அத்தைக்கு இதயத்தின் பம்ப் செய்கிற சக்தி குறைந்துவிட்டது என்று திருவனந்தபுரத்தில் கண்டுபிடித்தார்கள். கால் வீக்கம் வடிவதற்கு நீர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் மாத்திரையைக் கவரில் போட்டுக்கொண்டே அந்தப் பையன் சொன்னான்: "ராவிலெ ஒந்நு." மலையாளத்தில் அதற்கு அர்த்தம் காலையில் ஒன்று. அத்தை செங்கோட்டைக்காரி. அவர் காதில் விழுந்தது "ராவிலே ஒண்ணு". அதாவது இரவில் ஒன்று.

பன்னிரண்டு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாத்திரையைப் போட்டிருக்கிறார். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரம் போல சிறுநீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும் மாத்திரை அது. ஒரு ராத்திரிக்கு நாலு தடவை, ஐந்து தடவை எழுந்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் இருட்டில் பின்வாசலில் வழுக்கி விழுந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கவரை வாங்கிப் பார்த்தேன். அதில் பால்பாயிண்ட் பேனாவால் தெளிவாக 1-0-0 என்று எழுதியிருந்தது. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு இல்லை.

கடைக்காரர் அவர் மொழியில் சரியாகத்தான் சொன்னார். அத்தையும் தன் மொழியில் சரியாகத்தான் கேட்டார். "காலையிலா, ராத்திரியிலா?" என்ற ஒரு கேள்வி மட்டும் நடுவில் இல்லாமல் போனது.

என் அம்மா பிறந்த ஊர் புனலூர். அதனால் எனக்கு மலையாளம் பேச வரும். எங்கள் தெருவில் யாருக்கு மேல்சிகிச்சை என்றாலும் துணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். புளியரை செக்போஸ்ட் தாண்டி, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியாக எத்தனை முறை போய்வந்திருப்பேன் என்று கணக்கு இல்லை. அந்தப் பயணங்களில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். குமுளி, களியக்காவிளை, வாளையாறு பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் படி: நோய் வருவதற்கு முன்பே ஒரு ஃபைல்

எல்லையைத் தாண்டினால் உங்களை யாருக்கும் தெரியாது. தென்காசியில் இருபது வருடம் பார்த்த டாக்டரின் நினைவு உங்களோடு பஸ் ஏறாது. ஃபைல்தான் ஏறும். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளாஸ்டிக் உறைகள் வைத்த ஒரு ஃபைல் வாங்குங்கள். குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று. அண்ணன் ரிப்போர்ட்டும் அப்பா ரிப்போர்ட்டும் ஒரே மஞ்சள் பையில் கிடந்தால், அவசரத்தில் எது யாருடையது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு தாள் இருக்கட்டும். அதில் பெயர், வயது, எடை, ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்னென்ன நோய், எந்த வருடத்திலிருந்து, என்னென்ன ஆபரேஷன், இப்போது சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, அவசரத்துக்குக் கூப்பிட இரண்டு பேரின் போன் நம்பர். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். கேரள டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நம்மில் பலருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. இருவருக்கும் பொதுவானது அந்த எழுத்துதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழகாக எழுதித் தருவார்கள்.

அந்தத் தாளுக்குக் கீழே டிஸ்சார்ஜ் சம்மரி, சீட்டுகள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் தேதிவாரியாக, புதியது மேலே வருகிற மாதிரி இருக்கட்டும்.

இ.சி.ஜி. தாளை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் வழவழப்புத் தாள். இரண்டு வருடத்தில் வெளிறிப்போகும், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். மருந்துக் கடை பில்லும் பல இடங்களில் அதே தாள்தான். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் பிடித்து வையுங்கள். ஒரு பெரியவரின் பழைய இ.சி.ஜி.யை எடுத்து நீட்டியபோது அதில் ஒரு கோடுகூட இல்லை, வெறும் இளஞ்சிவப்புக் கட்டங்கள்தான் இருந்தன. நெஞ்சுவலியோடு வந்தவரிடம் இப்போதைய மாற்றம் புதிதா பழையதா என்று அறிய டாக்டர் கேட்டது அந்தத் தாளைத்தான்.

ஆதார் வைத்து ஆபா எனப்படும் 14 இலக்க மருத்துவக் கணக்கு எண்ணும் எடுத்துக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் மலைப்பாதையில் சிக்னல் இல்லாத இடத்தில் காகிதம்தான் பேசும்.

இரண்டாவது படி: எங்கே போவது

அவசரமா, இல்லையா என்பதை முதலில் பாருங்கள். நெஞ்சுவலி, திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுந்துபோவது, மூச்சுத் திணறல், விபத்து என்றால் பெரிய ஆஸ்பத்திரி, பெயர்பெற்ற ஆஸ்பத்திரி என்று யோசிக்காதீர்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். செங்கோட்டையிலிருந்து மலை இறங்கித் திருவனந்தபுரம் சேர்வதற்குள் அந்த நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே சி.டி. ஸ்கேன் இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரிதான் அப்போது உங்களுக்கு உலகத்திலேயே நல்ல ஆஸ்பத்திரி. இரண்டு மாநிலத்திலும் 108 உண்டு. போன் எடுத்ததும் எந்த மாநிலம், எந்த ஊர், எந்த அடையாளம் என்று அந்த வரிசையில் சொல்லுங்கள்.

விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் அரசு செலவில் கிடைக்கும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' திட்டம் அது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. சபரிமலை சீசனில் நம் ரோட்டில் அடிபடுகிற வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். ஆபத்தில் இருப்பவருக்கு முதலுதவி தர எந்த டாக்டரும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. போலீஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

அவசரம் இல்லை என்றால் பஸ் ஏறும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். உங்கள் ஊர் டாக்டரிடம், "இந்தச் சிகிச்சை பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கிடைக்காதா?" என்று கேளுங்கள். நம் ஆட்கள் பலர் பழக்கத்தினால் மேற்கே போகிறோம். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர், அந்தப் பாசம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஐகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே முடிகிற காரியத்துக்கு மலை ஏற வேண்டாம்.

அடுத்தது, காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பது. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2018-லிருந்து மத்திய அரசின் பிரதமர் திட்டத்தோடு இணைந்திருக்கிறது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. கேரளத்தில் அதே போன்றது காருண்யா ஆரோக்ய சுரக்ஷா பத்ததி. நம் அட்டை இருக்கிறது, அதனால் எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைத்துப் போகாதீர்கள். உங்கள் அட்டை, அந்த ஆஸ்பத்திரி, அந்த ஆபரேஷன் மூன்றும் பொருந்த வேண்டும். 1800 425 3993 என்ற எண்ணில் முதலமைச்சர் திட்டத்தாரிடம் கேளுங்கள். அப்புறம் போகப்போகும் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரிலும் கேளுங்கள். பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கேரள அரசின் 'திசா' உதவி எண் 1056, நம்முடையது 104.

மூன்றாவது, முன்பதிவும் சிபாரிசுக் கடிதமும் வேண்டுமா என்பது. இதய, மூளை நோய்களுக்கான திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் போன்ற சிறப்பு நிறுவனங்களுக்கு நேராகப் போய் நின்றால் அன்றைக்கே பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாவது படி: முந்தின நாள் இரவு

ஒரு தாளில் உங்கள் உடம்பு சொல்வதை எழுதுங்கள். எப்போது தொடங்கியது, எந்த இடத்தில், எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, அதனால் எந்த வேலை செய்ய முடியவில்லை. "ஒரே அசதியா இருக்கு" என்பதை விட, "முன்பெல்லாம் குண்டாறு அணை வரை நடப்பேன், இப்போது தெருமுனை போனால் உட்கார வேண்டியிருக்கிறது" என்பது டாக்டருக்கு நூறு மடங்கு உதவும். கீழே மூன்று கேள்வி எழுதுங்கள். பத்து எழுதினால் ஒன்றும் கேட்க மாட்டீர்கள்.

வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எல்லாம் என்றால் எல்லாமேதான். கேரளத்துக் கஷாயம், அரிஷ்டம், லேகியம், நாட்டு மருந்துக் கடைச் சூரணம், மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை எல்லாம் சேரும். எல்லையோரத்தில் நாம் மூன்று வைத்தியத்தையும் சேர்த்துச் செய்கிறவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, மறைப்பதில்தான் ஆபத்து. லேகியத்திலும் அரிஷ்டத்திலும் வெல்லமோ சர்க்கரையோ உண்டு. "சுகர் ஏன் இறங்கவில்லை" என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். வலி மாத்திரைகளில் பல, ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். திட்டுவார் என்று பயந்தாலும் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விடியற்காலை பஸ், வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை, ஆனால் பழக்கத்தில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புவது: இது மயக்கத்தில் கொண்டு விடும். அன்றைக்குக் காலை மாத்திரையோ ஊசியோ போட வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

நான்காவது படி: டாக்டர் அறையில்

கூட்டமான ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். முதல் வாக்கியத்திலேயே வந்த காரியத்தைச் சொல்லிவிடுங்கள். நம் வழக்கம், எப்போதோ வந்த காய்ச்சலில் தொடங்கி, மருமகள் ஊருக்குப் போன கதை சொல்லி, எழுந்திருக்கும்போது "அப்புறம் டாக்டர், ரெண்டு நாளா நெஞ்சு அடைக்குது" என்பது. கடைசியில் சொல்வதை முதலில் சொல்லுங்கள்.

இப்போது மொழி. தமிழும் மலையாளமும் அக்கா தங்கை மாதிரி இருப்பதால்தான் இந்தச் சிக்கலே. தெரியாத மொழி என்றால் கேட்டுத் தெரிந்துகொள்வோம். பாதி புரிகிற மொழியில் தலையாட்டிவிடுவோம். ஆஸ்பத்திரியில் நான் கண்ட சில வார்த்தைகளைச் சொல்கிறேன். 'பனி' என்றால் அங்கே காய்ச்சல். 'முறிவு' என்றால் வெட்டுக்காயம், புண். நமக்கோ எலும்பு உடைவது. எலும்பு உடைவதை அவர்கள் 'ஒடிவு' என்பார்கள். 'நீரு' என்றால் வீக்கம். 'சர்தி' என்றால் வாந்தி. 'மருந்நு கழிச்சோ?' என்று நர்ஸ் கேட்டால், மருந்து சாப்பிட்டாயா என்று அர்த்தம். ஒரு பாட்டி இதைக் கேட்டு, "காலையிலேயே வெளிக்குப் போய்ட்டு வந்தேன்மா" என்றார். வேளைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ராவிலெ என்றால் காலை, உச்சைக்கு என்றால் மதியம், வைகுந்நேரம் என்றால் சாயங்காலம், ராத்ரி என்றால் இரவு.

நோயாளியோடு தங்குகிறவரை அங்கே 'பைஸ்டாண்டர்' என்பார்கள், அல்லது 'கூட்டிரிப்புகாரர்'. மைக்கில் அந்தச் சொல் கேட்டால் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

துணைக்குப் போகிறவர் யார் என்பதும் முக்கியம். நானும் ஆரம்பத்தில் ஒரு தப்புச் செய்தேன். டாக்டர் பேசியதைப் பாதி எனக்குள் வைத்துக்கொண்டு, நோயாளி பயந்துவிடுவாரே என்று இனிப்பாக மொழிபெயர்த்தேன். அது அன்பு என்று நினைத்தேன். அவருடைய உடம்பு பற்றிய செய்தியை அவருக்குத் தெரியாமல் வைக்க எனக்கு உரிமை இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. இப்போதெல்லாம் உள்ளே போகும் முன்பே கேட்டுவிடுவேன்: "அத்தை, டாக்டர் சொல்றதை அப்படியே சொல்லவா, இல்லை பையன்கிட்ட மட்டும் சொல்லவா?" பெரும்பாலோர் அப்படியே சொல்லச் சொல்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெண்களின் பிரச்சினையை மகன் வழியாகக் கேட்க வைக்காதீர்கள்; நர்ஸ்களில் தமிழ் தெரிந்தவர் அநேகமாக ஒருவராவது இருப்பார், கேட்டால் வருவார்.

டாக்டர் பேசி முடித்ததும், புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள். "அப்படின்னா இதயம் பலவீனமா இருக்கு, உப்பைக் குறைக்கணும், தினமும் எடை பார்க்கணும், ரெண்டு கிலோ கூடினா உடனே வரணும். சரியா டாக்டர்?" தப்பாகப் புரிந்திருந்தால் அந்த இடத்திலேயே திருத்துவார். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: மருந்துக் கடை

சீட்டில் உள்ள 1-0-1 காலை, மதியம், இரவு என்ற வரிசை. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருமுறை, பி.டி. இருமுறை, டி.டி.எஸ். மும்முறை, ஹெச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகளில், 2016-ல் வந்த திருத்தம் சொல்கிறது. படிக்க முடியவில்லை என்றால் அறையை விட்டு வரும் முன்பே கேளுங்கள்.

எல்லையோரத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. தென்காசி டாக்டர் ஒரு கம்பெனிப் பெயரில் எழுதுவார், திருவனந்தபுரம் டாக்டர் வேறு பெயரில் எழுதுவார். உள்ளே இருப்பது ஒரே மருந்து. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரட்டை அளவு. டோலோவும் கால்பாலும் இரண்டுமே பாராசிட்டமால்தான். சளிக்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரை பலவற்றிலும் அதுவே இருக்கும். பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவே போதும். பட்டையில் பெரிய எழுத்தைப் படிக்காதீர்கள், அருகில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். மூலப்பெயர் தெரிந்தால் இன்னொரு லாபம்: மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்தைக் குறைந்த விலையில் வாங்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வருகின்றன.

பட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாடிக் விஷயத்தில் கேரளம் கண்டிப்பானது. 2024-ல் ஆபரேஷன் அம்ருத் என்று தொடங்கி, சீட்டில்லாமல் விற்கிற கடைகளில் சோதனை நடத்துகிறார்கள். கடைக்காரர் தர மறுத்தால் சண்டை போடாதீர்கள், அவர் செய்வது சரி.

கவுண்டரை விட்டு நகரும் முன், ஒவ்வொரு கவரின் மேலும் உங்கள் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை, சாப்பாட்டுக்குப் பின் என்றால் ஒரு தட்டு. அத்தை வீட்டில் இப்போது எல்லாக் கவரிலும் இந்தப் படம்தான். வரைந்து முடித்துக் கடைக்காரரிடமே காட்டி, "ராவிலெயோ, ராத்ரியோ?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஆறாவது படி: பரிசோதனைகள்

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "இதன் முடிவைப் பொறுத்து வைத்தியம் மாறுமா?" என்று கேளுங்கள். போன வாரம் எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தால் அதைக் காட்டி, மறுபடி தேவையா என்று கேளுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி.யைப் பதினைந்து நாளில் திரும்ப எடுப்பதில் பொதுவாகப் பயன் இல்லை. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் எக்ஸ்ரே, சி.டி.க்கு முன் சொல்லிவிடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஃபிலிமையோ படம் பதிந்த சி.டி. வட்டையோ கேட்டு வாங்குங்கள். அடுத்த டாக்டருக்குப் படமும் தேவை.

ஏழாவது படி: ஆபரேஷன் கையெழுத்து

என் மதினிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. வயது 43. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு நர்ஸ் சம்மதபத்திரத்தைக் கொண்டுவந்து, பேனாவையும் நீட்டி, "ஒப்பிட்டால் மதி" என்றார். கையெழுத்துப் போட்டால் போதும் என்று அர்த்தம். நான் வாங்கி மெதுவாகப் படித்தேன். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையும் என்று அதில் இருந்தது.

மதினி கையெழுத்துப் போடவில்லை. "காலையில் டாக்டரிடம் பேசிவிட்டுப் போடுகிறேன்" என்றார். அவ்வளவுதான். யாரும் கோபிக்கவில்லை. காலை ஏழரைக்கு டாக்டர் வந்தார், கட்டிலில் உட்கார்ந்து சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார். அந்த வயதில் சினைப்பையை எடுத்தால் உடனே மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு பலவீனம் வரலாம், நோய் இல்லாத சினைப்பையை விட்டுவைப்பதே நல்லது என்று விளக்கி, படிவத்தைத் திருத்திக் கையெழுத்திட்டார். ஆபரேஷனில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் மதினியே முடிவு செய்து எழுதிக் கொடுத்தார்.

2008-ல் உச்ச நீதிமன்றத்தில் இது போன்ற வழக்குத்தான் வந்தது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த தாயிடம் சம்மதம் கேட்டு எடுத்துவிட்டார்கள். தானே முடிவெடுக்கக்கூடிய, வயது வந்த நோயாளியின் சம்மதமே சம்மதம், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது மற்றவர் கையெழுத்து போதாது, பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்கு ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. நம் வீடுகளில் கணவரோ மகனோ கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். உங்கள் உடம்பில் கத்தி படுவதென்றால் நீங்கள் படித்து, நீங்கள் போடுங்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: ஆபரேஷனின் பெயர் என்ன, எதை எடுப்பீர்கள், யார் செய்வார், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும், இதில் அடிக்கடி வரும் சிக்கல் எது, அரிதாக வரும் பெரிய சிக்கல் எது, எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது. படிவம் மலையாளத்தில் இருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காலி இடம் உள்ள படிவத்தில் கையெழுத்து வேண்டாம். போட்ட பிறகு ஒரு நகல் கேளுங்கள்.

சேர்வதற்கு முன்பே, "இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டு வருகிறோம்" என்று சொல்லவும் தயங்காதீர்கள். இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நோயாளி உரிமைச் சாசன வரைவில் இருக்கிறது. நல்ல டாக்டர்கள் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

எட்டாவது படி: பணம்

சேரும் முன் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். அறை வாடகை, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் அரங்கு, மருந்து, உள்ளே வைக்கும் பொருள் என்று பிரித்துக் கேளுங்கள். அறை உயர்ந்தால் பல இடங்களில் மற்றக் கட்டணங்களும் சேர்ந்தே உயரும். காப்பீட்டுக் கம்பெனி அந்த விகிதத்தில் பணத்தைக் குறைக்கும். கட்டணங்களை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி மாட்ட வேண்டும் என்று கேரளத்தின் 2018 மருத்துவ நிறுவனச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை 2025 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. பலகை எங்கே என்று கேளுங்கள்.

இதயத்தில் வைக்கும் ஸ்டென்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017-லிருந்து அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. வைத்த பொருளின் ஸ்டிக்கரை ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், நாளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் அது தேவைப்படும்.

சொந்தக் காப்பீடு இருந்தால், பணமில்லாச் சிகிச்சைக்கான அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீட்டுக்குப் போகும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி தர வேண்டும் என்று 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. சாயங்காலம் வரை கவுண்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இதை நினைவுபடுத்துங்கள். கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில், கேரளத்துக்குக் கொச்சியில்.

ஒன்பதாவது படி: வீட்டுக்குக் கிளம்பும் நாள்

இந்த நாளில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்காமல் மடித்து வைப்போம். பெயர், வயது, வலது இடது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாத்திரைகளில் எது தொடரும், எது நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தையல் எப்போது பிரிப்பது, அதைத் தென்காசியிலேயே பிரிக்கலாமா, எந்த அறிகுறி வந்தால் நேரம் பார்க்காமல் வர வேண்டும், மலைப்பாதையில் பஸ்ஸில் உட்கார்ந்து போகலாமா என்று கேளுங்கள். சில பிராண்டு நம் ஊரில் கிடைக்காது. பதிலாக எதை வாங்கலாம் என்பதை டாக்டரிடமே எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளில் உள்ளூர் டாக்டரிடம் சம்மரியைக் காட்டிவிடுங்கள். நடு ராத்திரி கூப்பிடப் போவது அவரைத்தான்.

பத்தாவது படி: ஏதாவது தவறாகப் போனால்

முதலில் டாக்டரிடமே பேசுங்கள். பாதிப் பிரச்சினை விளக்கம் கிடைத்தால் தீர்ந்துவிடும். இல்லையென்றால் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். டாக்டரின் நடத்தை பற்றியது என்றால் அவர் பதிவு செய்திருக்கும் மாநில மருத்துவ கவுன்சில். பதிவு எண் சீட்டிலேயே இருக்க வேண்டும். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறை என்றால் நுகர்வோர் ஆணையம். 1995-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மருத்துவச் சேவை இதற்குள் வந்தது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தருகிற அரசு ஆஸ்பத்திரி இதில் வராது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சிகிச்சை திருவனந்தபுரத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எல்லையோரத்துக்காரர்களுக்கு இது பெரிய வசதி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் எதிர்பார்த்த பலன் கிடைக்காதது எல்லாம் கவனக்குறைவு ஆகிவிடாது. வழக்குக்கு முன் வேறொரு டாக்டரிடம் ஃபைலைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் சிகிச்சைப் பதிவேடு உங்கள் கையில் இருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. மூன்று வருடம்தான் வைத்திருக்கக் கடமை, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டாம்:

"மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு. நான் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்த உள்நோயாளி எண்ணில் உங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன். என் கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் பதிவு, எல்லாப் பரிசோதனை அறிக்கைகள், சம்மதப் படிவம் ஆகியவற்றின் நகல்களை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் கட்டணம் செலுத்தத் தயார்."

கேரளத்தில் கொடுப்பதென்றால் இதையே ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலக முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றையும் வாங்கி ஃபைலில் வையுங்கள். 72 மணி நேரம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.